சந்தித் தவறணையைப் பற்றிக் கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

சந்தியில் இருக்கிற சாராயக் கடையை, அந்தத் தவறணையை, உன் கூட்டாளியோடு சேர்ந்து குத்தகைக்கு எடுக்கப்போவதாகச் சொன்னாய். பழைய மரமும் சாமானும் அப்படியே இருக்க, வெளிநாட்டுப் பயணிகளுக்காகத் திருத்துவீர்களாம். சுவரில் எழுதிப் போட அதன் வரலாறு வேண்டுமாம். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை சந்தியில் முதலாளியாக நிற்கப்போகிறான் என்றால் எனக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா? உனக்கு வேறு கடையே கிடைக்கவில்லையா என்றும் இருக்கிறது.

சரி, எழுதிக்கொள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே மலையில் தவறணை வந்துவிட்டது. சாராயம் விற்கும் உரிமையை வெள்ளைக்கார அரசாங்கம் ஏலம் விடும், கூடக் கேட்டவனுக்குக் குத்தகை. மொறட்டுவை, பாணந்துறைப் பக்கத்து ஆட்கள் எடுத்தார்கள். கரையோரத்துத் தென்னஞ்சாராயம் பீப்பாயில் மாட்டுக் கரத்தை ஏறி இங்கே வந்தது. அந்தக் காசில் தோட்டமே வாங்கியவர்களும் உண்டு. 1912இல் மதுவரிச் சட்டம் வந்து பழைய குத்தகை முறை மாறியது, மதுவரியைப் பார்க்கிற எக்சைஸ்காரர்கள் வந்தார்கள். அந்த நேரம்தான் மதுவிலக்குக் கூட்டங்களும் நடந்தன. பிறகு முதல் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவும் அவர் சகோதரர்களும் முதலில் பெயரெடுத்தது அதில்தான். இதையெல்லாம் சுவரில் போடலாம், யாருக்கும் நோகாது.

தவறணையில் காசு வாங்குகிற அந்த மேசைப் பலகை பழைய மஸ்கெலியா டவுனிலிருந்து வந்தது என்று தாத்தா சொல்வார். 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக டவுன் தண்ணீருக்குள் போனபோது, கடைக்காரர்கள் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி விற்றார்களாம். நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கம்பிவலைக்குக் கீழே காசு தள்ளுகிற இடத்தில் மரம் உள்ளங்கை அளவுக்குக் குழிந்து பளபளவென்று இருக்கிறது. ‘என்ன அழகு பாருங்கம்மா’ என்று எழுதியிருந்தாய். அழகுதான். எத்தனை பேருடைய செக்ரோல் சம்பளக் காசு தேய்த்த அழகு அது. உன் தாத்தா காசும் அதில் இருக்கிறது. அந்தக் குழியைச் சீவி வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதே.

உள்ளே அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்கிறாய். நான் உள்ளே போனதே இல்லையே. பெண்களுக்குச் சாராயம் விற்கக்கூடாது என்று 1979இல் சட்டமே போட்டார்கள். 2018 ஜனவரியில் அந்தத் தடையை நீக்கினார்கள், சில நாட்களிலேயே ஜனாதிபதி நீக்க வேண்டாம் என்றுவிட்டார். நீயானால் என்னைக் கல்லாவில் உட்காரச் சொல்கிறாய்!

எனக்குத் தெரிந்தது வாசல்தான். மூன்று கருங்கல் படி. நடுப்படி ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கும், மழைத் தண்ணீர் அதில் தேங்கும். சம்பளத்தன்று அம்மாயி என்னைத்தான் அனுப்புவாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீழே நின்று ‘அப்பா’ என்று கூப்பிட வேண்டும். சத்தமாகக் கூப்பிட்டால் உள்ளே சிரிப்பார்கள், மெல்லக் கூப்பிட்டால் கேட்காது. தாத்தா முகத்தைக் காட்டமாட்டார். கதவுக்கு வெளியே ஒரு கை மட்டும் வரும், அதில் மடித்த நோட்டு. அவர் மனம் மாறுவதற்குள் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். தாத்தா கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். தீபாவளி முற்பணத்தில் எனக்குக் கொலுசு வாங்கித் தந்தவர். அப்பாவைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. அந்தச் சைக்கிளை நீதானே போய்த் தேடி எடுத்துவந்தாய்.

நல்ல சரக்கா என்று ருசி பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கூட்டாளி சொல்கிறாராமே. சோற்றுக்கடை வைப்பவனுக்கு அது சரி. உன் கூட்டாளியே பார்க்கட்டும், நீ கணக்கைப் பார். சின்ன வயதிலிருந்தே உனக்குக் கணக்கு நன்றாக வரும்.

ஞாயிறு ராத்திரி போன் எடுத்தபோது ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். லைன் சரியில்லைபோல. மறுநாள் மருமகளோடு பேசினேன். குரல் அடைத்திருந்தது, தடிமன் என்றாள். போன வாரமும் தடிமன் என்றுதான் சொன்னாள். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடிக்கச் சொன்னேன். அவளை ஒருநாள் பிள்ளையோடு இங்கே அனுப்பேன், பஸ் ஏற்றிவிட்டால் போதும், ஹட்டனுக்கு நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். நீ வேலையை விட்டு வரவேண்டும் என்றில்லை. வந்தாலும் நல்லது.

குத்தகைக் காசுக்கு என் ஈபிஎஃப் பணத்தைக் கேட்டிருந்தாய். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதே சந்தியில் தையல்காரர் இருந்த கடையும் காலியாகத்தான் கிடக்கிறது. அதற்கென்றால் நாளைக்கே பேங்குக்குப் போவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. இனிமேல் போன் எடுப்பதானால் காலையில் எடு, வேலைக்குப் போவதற்கு முன்னால். ராத்திரியில் வேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா