தீபாவளிக் கூப்பனால் யாருக்கு லாபம்? வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு தீபாவளிக்கும் கடைவீதி முழுக்க ஒரே தள்ளுபடி, பரிசுக் கூப்பன், குலுக்கல் என்று பேச்சு அடிபடுகிறது. ஜவுளி, ரெடிமேட், மளிகை, பாத்திரம், ஃபேன்சி என்று சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் நாங்கள். கூப்பன் குலுக்கலுக்காகக் கடைகளிடம் சங்கம் சந்தா வசூலிக்கத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் தள்ளுபடி தருகிற சின்னக் கடை, எப்படியும் வரப்போகிற வாடிக்கையாளருக்குத் தன் லாபத்தை விட்டுக்கொடுக்கிறது. அந்த நேரத்தில் அது வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை.

கணக்கைப் பாருங்கள். வரி நீங்கலாக 800 ரூபாய்க்கு விற்கும் சட்டை; கொள்முதல் 560. கையில் நிற்பது 240. நூறு சட்டை விற்றால் 24,000. அதில்தான் வாடகை, கரண்ட், ஆள் கூலி எல்லாம். 10 சதவீதம் தள்ளினால் விலை 720, நிற்பது 160. அதே 24,000 வர 150 சட்டை விற்க வேண்டும். 20 சதவீதம் என்றால் நிற்பது வெறும் 80. விற்க வேண்டியது 300. இரண்டு விற்பனை ஆளும் ஒரு டிரையல் ரூமும் இருக்கிற கடையில் இரண்டு வாரத்தில் மூன்று மடங்கு விற்க முடியாது. மளிகையில் நிலைமை இன்னும் மோசம். நூற்றுக்குப் பத்து நிற்கிற இடத்தில் 5 சதவீதம் தள்ளினால் விற்பனை இரட்டிப்பாக வேண்டும். தள்ளுபடி என்பதற்காக எந்த வீட்டிலும் துவரம்பருப்பு இரண்டு மடங்கு வாங்க மாட்டார்கள்.

முதலும் மாட்டிக்கொள்கிறது. கூடுதலாக 200 சட்டை இறக்க 1,12,000 ரூபாய் வேண்டும். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மூன்று மாதத்துக்கு 6,720. அதில் 80 சட்டை மிஞ்சினால் 44,800 ரூபாய் பொங்கல் வரை ரேக்கில் தூங்கும். மிஞ்சுவதும் 36, 46 சைஸ்தான். 40, 42 முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் போய்ச் சேர வேண்டும் என்கிறது சட்டம். ஆகஸ்ட் கடைசியில் இறக்கிய சரக்குக்கு, விற்பனை சூடுபிடிக்கும் முன்பே பணம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆடித் தள்ளுபடி வேறு. ஆடியில் கல்யாணம் கிடையாது, கடைக்குக் கூட்டம் இல்லை, பழைய சரக்கை ஒழித்தால்தான் தீபாவளி சரக்குக்குப் பணமும் இடமும் கிடைக்கும். அங்கே தள்ளுபடிக்கு ஒரு வேலை இருக்கிறது. போனஸ் கையில் வந்து, சனம் தானாகத் தெருவுக்கு வருகிற ஐப்பசியில் அதற்கு என்ன வேலை? கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதம் தருகிறதே என்பார்கள். கைத்தறித் தள்ளுபடிக்கு அரசு மானியம் இருக்கிறது. நம் கடைக்காரருக்கு அவர் கல்லாதான் மானியம்.

கூப்பன் விஷயத்தில் அநியாயம் வெளிப்படையாகவே தெரிகிறது. சந்தா எல்லாக் கடைக்கும் ஒன்று. கூப்பன் 500 ரூபாய்க்கு ஒன்று. பெரிய ஜவுளிக்கடையில் 10,000 ரூபாய் பில்லுக்கு 20 கூப்பன். வளையல் கடையில் பில்லே 150, 200தான். அங்கே ஒன்றுகூடக் கிழிபடாது. ஆக, வளையல் கடைக்காரர் பணத்தில் ஜவுளிக்கடைக்கு விளம்பரம். பரிசு 1 லட்ச ரூபாய் பைக் என்றால் அதற்கு 30 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் வருமான வரியைச் செலுத்திய பிறகே வண்டியைக் கொடுக்க வேண்டும். அதை யார் கட்டுவது என்று முன்பே எழுதிவைக்காவிட்டால் மேடையில் வைத்தே தகராறு வரும்.

ஜிஎஸ்டியிலும் இடறுகிற இடங்கள் உண்டு. தள்ளுபடியைப் பில்லிலேயே காட்டினால் மீதித் தொகைக்குத்தான் வரி. காட்டாமல் கையில் குறைத்துக்கொடுத்தால் முழு விலைக்கும் வரி. இலவசமாகத் தருகிற எவர்சில்வர் டம்ளருக்கு இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது; அதாவது, அதை வாங்கும்போது கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. உண்மையில் பயன் தருகிற தள்ளுபடி ஒன்று இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு வரி 5 சதவீதம், அதற்கு மேல் 18. சுடிதார் செட் 2,600 என்றால் வரியோடு 3,068. பில்லில் 100 ரூபாய் குறைத்து 2,500 ஆக்கினால் 2,625. கடைக்காரர் விடுவது 100, வாங்குகிறவருக்கு மிச்சம் 443. இதை ஒவ்வொரு ரெடிமேட் கடைக்கும் சங்கம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

சந்தாவை வசூலியுங்கள், செலவை மாற்றுங்கள். தீபாவளி வாரத்துக்கு இரண்டு தற்காலிகக் கழிப்பறை, பள்ளி மைதானத்தில் டூவீலர் பார்க்கிங், இரவு பத்து வரை தெருவில் வெளிச்சம். கைக்குழந்தையோடு வரும் பெண்கள் அரை மணி நேரம் கூடுதலாகத் தெருவில் நின்றால், அந்த நேரத்தில்தான் வளையல் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் வியாபாரம் நடக்கும்.

குலுக்கலுக்குப் பதில் தள்ளுபடிச் சீட்டு கொடுங்கள். எந்தக் கடையில் எவ்வளவு வாங்கினாலும் ஒரு சீட்டு. அது தீபாவளிக்கு மறுநாள் முதல் மார்கழி கடைசி வரை, வேறொரு கடையில், 500 ரூபாய்க்கு மேற்பட்ட பில்லில் 50 ரூபாய் கழிக்கச் செல்லும். நூற்றுக்கு முப்பது நிற்கிற கடையில் 150-இல் 50 போனாலும் 100 மிஞ்சும், அதுவும் ஈயோட்டும் மாதத்தில். மளிகைக்கு இது பொருந்தாது. 500-க்கு நிற்பதே 50தான், அங்கே 20 ரூபாய் போதும். சீட்டில் வரிசை எண்ணும் கடை முத்திரையும் இருக்கட்டும், கழிக்கும்போது பின்னால் பில் எண்ணை எழுதட்டும். இல்லாவிட்டால் ஜெராக்ஸ் சீட்டு புழங்கும். அந்த 50 ரூபாயைச் சங்கம் கடைக்குத் திருப்பித் தந்தால் அதுவும் விலையில் சேரும், வரி முழுத்தொகைக்கு. கடையே ஏற்றால் குறைத்த தொகைக்கு. இரண்டில் எது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

பலனை அக்டோபருக்கு அக்டோபர் ஒப்பிடாதீர்கள். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை நகர்கிற பண்டிகை. தீபாவளிக்கு முந்தைய 20 நாள், பிந்தைய 20 நாள் என்று எண்ணி, பில் எண்ணிக்கை, சராசரி பில் தொகை, நின்ற லாபம் மூன்றையும் போன தீபாவளியின் அதே நாட்களோடு வையுங்கள். முன் 20 நாள் ஏறி, பின் 20 நாள் அதே அளவு இறங்கியிருந்தால், அது புது வியாபாரம் அல்ல. முன்னால் இழுத்துக்கொண்ட வியாபாரம்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் போன ஆண்டு கூப்பன் கணக்கைப் பலகையில் ஒட்டுங்கள்: எந்தக் கடை எவ்வளவு சந்தா கட்டியது, எத்தனை கூப்பன் கிழித்தது, பரிசு எந்தக் கடைக் கூப்பனுக்கு விழுந்தது. கடைவாரியாக வேண்டும், மொத்தத் தொகை போதாது. பட்டியல் போட ஆள் இல்லையென்றால் கிழித்த கூப்பன்களின் அடிக்கட்டைகளைக் கொடுங்கள், நாங்களே போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
கடைவீதிச் சிறு கடைகளின் கணக்கர்கள்