‘சின்ன நாய்தானே!’ என்று கிளம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்ல நாய்களோடு விடுமுறைக்குப் போவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், ஜாக் ரஸ்ஸல், ஃபாக்ஸ் டெரியர், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சிறிய நாய்களைக் கூட்டிப் போவது சுலபம் என்று இருந்தது. தூக்கிப் போவது சுலபம்தான். தரையில் இறக்கிவிட்ட பிறகு பெரிய லாப்ரடாரைவிட இந்த டெரியர் வகை நாய்களிடம்தான் அதிகக் கவனம் வேண்டியிருக்கிறது.

ஜாக் ரஸ்ஸலை 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உருவாக்கியவர் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார். வளைக்குள் பதுங்கும் நரியை வெளியே விரட்டுவதுதான் அதன் வேலை. மண்ணுக்கு அடியில், எஜமானின் கண்ணுக்கும் குரலுக்கும் எட்டாத இடத்தில், தானே முடிவெடுக்க வேண்டிய நாய் அது. அதனால் அணிலையோ பெருச்சாளியையோ கண்டுவிட்டால், வீட்டில் எவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாலும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. அதைத் திமிர் என்று திட்டிப் பயனில்லை. மடியில் கொஞ்சப்படும் யார்க்‌ஷயர்கூட ஆலைகளில் எலி பிடித்த பரம்பரைதான்.

ஆகவே பழகாத ஊரில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு போதும். பொத்தானை அழுத்தினால் நீளும் கயிறு வேண்டாம். டெரியர் திடீரென்று பாயும்போது மெல்லிய நாடா கையை அறுத்துவிடும். பிடி நழுவினால் பின்னால் இழுபட்டு வரும் பிளாஸ்டிக் கைப்பிடியின் சத்தத்துக்குப் பயந்து நாய் இன்னும் வேகமாக ஓடும். கழுத்துப் பட்டையில் பெயர்த் தகடு மட்டும் இருக்கட்டும். கயிற்றை ஹார்னஸில், அதாவது நெஞ்சையும் தோளையும் சுற்றிக் கட்டும் பட்டையில் மாட்டுங்கள். யார்க்‌ஷயர் போன்ற குட்டி இனங்களுக்கு மூச்சுக்குழாய் தளரும் கோளாறு வரக்கூடும். கழுத்தில் இழுத்தால் அது மோசமாகும். ஹார்னஸுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால், நாய் பின்பக்கமாக நகர்ந்தே அதைக் கழற்றிவிடும். இந்த வித்தை டெரியர்களுக்குக் கைவந்த கலை!

மலையேறும் நாளில் காலைச் சாப்பாட்டைப் பாதியாக்கி, கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே கொடுத்துவிடலாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் நாய்க்கு மருத்துவர் எடை பார்த்து மாத்திரை எழுதித் தருவார். மனிதர்கள் போடும் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். அந்தச் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. ஆகவே சிறுநீர் கழிக்க வைப்பதெல்லாம் ஆழியாறிலேயே முடிந்துவிட வேண்டும். வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. நாய் அதற்கு வழக்கமான இரை. இருட்டிய பிறகும் விடிவதற்கு முன்பும் முற்றத்தில்கூட தனியே விடக் கூடாது.

பலரும் யோசிக்காத ஆபத்து, தங்கும் குடிலுக்குள்ளேயே இருக்கிறது. நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் இடங்களில் எலி மருந்து வைத்திருப்பார்கள். அறைக்குப் போனதும் நாயை வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், அடுப்படி மூலையில், கழிவறைக் குழாய் ஓட்டைக்கு அருகில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பச்சை, நீலம், சிவப்பு நிறத்தில் கட்டியோ குருணையோ கிடந்தால் அந்த அறையே வேண்டாம். பரவலாகப் புழங்கும் ஒரு வகை எலி மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும். தின்ற நாய் மூன்று நான்கு நாள் வரை ஒன்றும் நடக்காததுபோல விளையாடும். பிறகுதான் ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் தெரியும், மூச்சு வாங்கும். விஷம் தின்று செத்த எலியைக் கடித்தாலும் ஆபத்து உண்டு. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே உயிரைக் குடிக்கும்.

இதற்கு அடுத்தது சாக்லேட். ஊட்டி, கொடைக்கானல் போனால் ஒரு பொட்டலமாவது வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆறு கிலோ எடையுள்ள ஜாக் ரஸ்ஸலுக்கு சுமார் 25 கிராம் டார்க் சாக்லேட்டே வாந்தி, பேதி, படபடப்பை உண்டாக்கப் போதும். அளவு கூடினால் வலிப்பு வரும். உலர்திராட்சை கலந்ததென்றால் சிறுநீரகத்துக்கும் கேடு. பை ஜிப்பைத் திறக்கத் தெரிந்த நாய்களும் இருக்கின்றன. பொட்டலத்தை உயரமான அலமாரியில் வையுங்கள்.

மழைக்கால நடையில் அட்டை கடிக்கும். உப்பைக் கொட்டாமல், நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விழுந்துவிடும். ஓடையில் தண்ணீர் குடித்த நாய் ஓயாமல் தும்மி, ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் வந்தால் அட்டை உள்ளே போயிருக்கலாம். அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். உண்ணிக்கான மாத்திரையைக் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். நடை முடிந்ததும் காதின் உட்புறம், விரலிடுக்கு, அக்குள், பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். கம்பி போன்ற முடியுள்ள டெரியர்களில் உண்ணி கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் கண்டுபிடிக்கும். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாத வேலை. ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பு தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். எலிகளைத் துரத்தும் இனம் என்பதால், வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் ஆண்டுதோறும் அவசியம்.

சமவெளியில் என்றால் வெயில். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது. பந்து எறிந்தால் டெரியர் தானாக நிறுத்தாது, நாம்தான் நிறுத்த வேண்டும்.

கடைசியாக ரயில்வே துறைக்கு ஒரு வேண்டுகோள். வளர்ந்த நாயைப் பெட்டியில் உடன் வைத்துக்கொள்ள, ஏசி முதல் வகுப்பில் இருவருக்கான கூப்பே அறையையோ நால்வருக்கான கேபினையோ முழுதாக எடுத்திருக்க வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியில் அனுமதி இல்லை. ஆனால் இரண்டு டிக்கெட் எடுப்பவருக்குக் கூப்பே கிடைக்குமா என்பது சார்ட் தயாரான பிறகே தெரிகிறது. கிடைக்காவிட்டால் நாய், ரயில் கார்டு பயணிக்கும் பெட்டியிலுள்ள இரும்புக் கூண்டுக்குப் போக வேண்டும், அல்லது பயணத்தையே கைவிட வேண்டும். தடுப்பூசிச் சான்றோடு முன்பதிவு செய்பவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே கூப்பேயை உறுதி செய்து தரலாமே?

இப்படிக்கு,
டெரியர் வளர்க்கும் வாசகர்,
கோயம்புத்தூர்.