பெரியப்பாவுக்கு, மீன் முழி விஷயமாக

பெரியப்பா,

இந்த வருஷம் சபையின் விபிஎஸ்ஸில் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) நான் வகுப்பு எடுக்கப்போவதில்லை. போனில் சொன்னால் கத்திவிடுவேன், இல்லை அழுதுவிடுவேன். சபையில் சிலரும் இதைப் படிப்பார்கள், அதனால் காரணத்தில் பாதியைத்தான் எழுதுகிறேன். மீதி உங்களுக்கே தெரியும்.

நான் எம்.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்த சமயம். குழம்பில் கிடந்த பாறை மீன் தலையிலிருந்து முழியைத் தோண்டி, வெந்து வெள்ளையாகிவிட்ட அந்த உருண்டையை என் தட்டோரம் வைத்தீர்கள். "லென்ஸ் இல்லாம கண்ணு எதுக்கு? கண்ணு இல்லாம லென்ஸ் எதுக்கு? ரெண்டும் ஒரே நாள்லதான வந்திருக்கணும்?" எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

லென்ஸ் இல்லாத கண் இன்றைக்கும் கடலில் இருக்கிறது. சுருள் ஓட்டுக்குள் வாழும் கணவாயின் உறவான நாட்டிலஸின் கண்ணில் வெறும் ஊசித்துளைதான், கடல்தண்ணீர் உள்ளேயே போய்வரும். பாறையில் ஒட்டிக்கிடக்கும் லிம்பெட் என்ற கடல் நத்தைக்குக் கண் ஒரு குழிதான். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே அதற்குப் போதும். 1994இல் நில்சன், பெல்கர் என்ற இரு விஞ்ஞானிகள் தட்டையான தோலிலிருந்து மீன் கண் வரை, படிக்கு ஒரு சதவீத மாற்றம் என்று கணக்குப் போட்டார்கள். 1,829 படிகள், சுமார் 3,64,000 தலைமுறைகள். ஒளியை உணரும் செல்கள் ஏற்கெனவே இருந்தன என்று வைத்துக்கொண்டுதான். அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்பீர்கள்.

சரி, லென்ஸ்? அதுவும் உடம்பில் ஏற்கெனவே இருந்த சரக்கிலிருந்து வந்ததுதான். வாத்தின் லென்ஸில் நிறைந்திருக்கும் புரதங்களில் ஒன்று லாக்டேட் டிஹைட்ரஜனேஸ். சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் வேலையில் உடம்பெங்கும் இருக்கிற நொதி. ஒரே ஜீன், இரண்டு உத்தியோகம். நம் லென்ஸில் உள்ள ஆல்ஃபா கிரிஸ்டலின் என்ற புரதமும், சூட்டில் மற்ற புரதங்கள் திரளாமல் காக்கிற பழைய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் காவல் தளர்வதும் கண்புரைக்கு ஒரு காரணம். உங்கள் ஆபரேஷனன்று வெளியே உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டைப் பிரித்ததும் "உனக்கு நரைச்சிடுச்சே" என்றீர்களே, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அடுத்த ஞாயிறே ஜெபக்குறிப்பில் என் பெயரைச் சேர்த்தீர்கள். வழிதவறிய பிள்ளையாம்! இப்படி ஊரறிய எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அந்த ஜெபக்குறிப்பை நினைத்தால் வாய் வரவில்லை.

பாட்டுக்கு ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், கீபோர்டு வாசிக்க வருகிறேன். 'பாதிக் கண்ணால் என்ன பயன்?' என்ற அந்தப் பாடத்தை மட்டும் வேறு யாராவது எடுக்கட்டும்.