பயர்வோலை நிற்பாட்டிவிட்டுப் போகும் தம்பிமாருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் சுன்னாகத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாவகச்சேரியில் ஒரு கிளை இருக்கிறது, அதை மகன் பார்க்கிறான். இரண்டு கடைக்கும் ஒரே பில் மென்பொருள், ஒரே ஸ்டொக் கணக்கு. அங்கே இன்சுலின் முடிந்தால் இங்கே எத்தனை கிடக்கிறது என்று அவனுக்கு உடனே தெரியவேண்டும். கணக்கு முழுவதும் என் மேசைக்குக் கீழே உள்ள சேர்வரில், எஸ்.கியூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது.

கிளை திறந்த வாரம் சாவகச்சேரிக் கணினி சுன்னாகத்தோடு இணையவே இல்லை. கணினி திருத்தும் தம்பி ஒருவர் வந்து அரை மணித்தியாலம் ஏதேதோ தட்டிப் பார்த்தார். கடைசியில், வெளியில் இருந்து வரும் வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் பயர்வோலை நிற்பாட்டினார், றூட்டரில் இரண்டு எண்களைப் போட்டார். போனில் மகன் "வந்திட்டுது அம்மா" என்றான். தம்பியும் "சரி அன்ரி, இனிப் பிரச்சினை இல்லை" என்று பில்லை நீட்டினார். அதில் 'நெற்வேர்க் வேலை' என்று ஒரே ஒரு வரி. எனக்கும் அது போதுமாக இருந்தது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் போனபிறகு பில் அடிப்பது இழுபடத் தொடங்கியது. லைன்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இம்முறை வந்தவர் பல்கலைக்கழகம் முடித்த ஒரு பிள்ளை. சேர்வரின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். 'எஸ்.ஏ.' என்ற பெயரில் நுழைய முயன்று தோல்வி, தோல்வி என்று பக்கம் பக்கமாகப் போகிறது, ஒவ்வொன்றிலும் 18456 என்ற இலக்கம். மகன்தான் பாஸ்வேர்டைப் பிழையாக அடிக்கிறான் என்று நினைத்து, அந்த இடத்திலேயே போன் எடுத்து அவனை ஏசிவிட்டேன். பிள்ளை சிரித்துக்கொண்டு, "அன்ரி, நேரத்தைப் பாருங்கோ" என்றார். இரவு 2 மணி 14 நிமிடம். முயன்ற முகவரிகளில் ஒன்றுகூடச் சாவகச்சேரிக் கடையுடையது இல்லை.

எஸ்.ஏ. என்பது அந்த மென்பொருளின் தலைமைக் கணக்காம். எங்கே போனாலும் அதே பெயர் என்பதால் பாஸ்வேர்டை மட்டும் ஊகித்தால் போதும். தம்பி றூட்டரில் போட்ட எண்கள் 1433, 3389. முதலாவது எஸ்.கியூ.எல். சேர்வருக்குப் போகும் வழி. மற்றது தூரத்தில் இருந்தே என் கணினித் திரையைத் திறக்கும் வழி, அவர் வீட்டிலிருந்து திருத்துவதற்கு வசதியாக. இப்படித் திறந்து கிடக்கும் எண்களைத் தேடி இரவு பகலாகத் தட்டிக்கொண்டு திரிகிற மென்பொருள்கள் இருக்கின்றனவாம். அவை சுன்னாகத்துச் சின்னக் கடை என்று பார்த்தா விடும்? என் சேர்வரில் யார் என்ன மருந்து எடுக்கிறார் என்ற விபரமும் இருக்கிறது. எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

தம்பியை முழுதாகக் குறை சொல்லவும் மனமில்லை. எக்ஸ்பிரஸ் பதிப்பில் வெளிக் கணினிகள் இணையும் வழி பூட்டியே வருமாம், போர்ட் எண்ணும் (இணைப்பு நுழையும் வாசலின் இலக்கம்) நிலையாக இராதாம். அதைத் திறந்து 1433 இல் நிறுத்திய வரைக்கும் அவர் செய்தது சரி. பயர்வோலை ஐந்து நிமிடம் நிற்பாட்டிப் பார்த்ததும் பிழையில்லை, தடை எங்கே என்று அப்படித்தானே பிடிக்கலாம். பிடித்த பிறகு திரும்பப் போட்டுவிட்டு, யாரை மட்டும் உள்ளே விடலாம் என்று அதில் ஒரு விதி எழுதியிருக்கவேண்டும். அதைத்தான் அவர் செய்யவில்லை.

பிள்ளை பயர்வோலைப் போட்டவுடன் சாவகச்சேரி அறுந்தது. "அறுந்தால்தான் அது வேலை செய்யுது" என்றார். றூட்டரில் இருந்த இரண்டு எண்களையும் அழித்தார். கிளையின் இணைய முகவரி அடிக்கடி மாறுவதால் அதை விதியில் எழுதமுடியாது என்று, இரண்டு றூட்டர்களுக்கும் இடையில் வி.பி.என். என்ற பூட்டிய தனிப் பாதை ஒன்று போட்டார். அப்புறம் பயர்வோலில் உள்வரும் இணைப்புக்கு ஒரு விதி: ரி.சி.பி. 1433, கிளையின் வலையமைப்பில் இருந்து வந்தால் மட்டும். தொலை முகவரி என்ற அந்தப் பகுதியை அப்படியே விட்டால் யார் வந்தாலும் விடு என்றுதான் பொருளாம். எஸ்.ஏ. கணக்கையும் முடக்கினார். மகன் அங்கிருந்து ஸ்டொக் பார்த்தான், வந்தது. என் போன் டேட்டாவில் பழைய வழியால் முயன்றோம், வரவில்லை. தனக்கொரு பிரதி, எனக்கொரு பிரதி என்று எதைத் திறந்தார், யாருக்குத் திறந்தார் என்பதைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.

கணினி திருத்துபவர்கள் எல்லோரும் இதைச் செய்தால் என்ன என்பதுதான் நான் கேட்க வந்தது. ஒரு பேனையும் இரண்டு வரியும்தான் செலவு. எங்களைப் போன்ற கடைக்காரர்களும் அந்த இரண்டு வரி இல்லாமல் காசு கொடுக்கக்கூடாது.

அதே தம்பி வேலை செய்த பக்கத்துக் கடைக்கும் போன கிழமை போய், விண்டோஸில் பயர்வோல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று இருக்கும். மூன்றும் சிவப்பு. கடை முதலாளியிடம் சொன்னேன். "வேலை செய்யுதுதானே அக்கா, ஏன் கிண்டுறியள்?" என்று கேட்டார்.

மருந்துக்கடை உரிமையாளர்,
சுன்னாகம்.