அழுத்தம் குறையும்போதெல்லாம் தண்ணீர் ஏற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்லரில் சூடாக்கிய தண்ணீரை அறைகளின் ரேடியேட்டர்கள் (சூடு பரப்பும் தகடுகள்) வழியே ஓடவிடும் மைய வெப்ப அமைப்பில் அழுத்தம் குறைந்தால், குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் ஃபில்லிங் லூப்பைத் திறந்து தண்ணீர் ஏற்றிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புப் பகுதியில் படித்தேன். வருடத்துக்கு ஓரிரு முறை என்றால் சரிதான். வாரம் தவறாமல் ஏற்றும் வீடுகளுக்கு அந்த யோசனை கெடுதலே செய்யும்.

மூடிய அமைப்பில் சுற்றிச் சுற்றி ஓடுவது ஒரே தண்ணீர். முதலில் நிரப்பும்போது அதில் கரைந்து வந்த ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து தீர்ந்துவிடும். அதன்பின் துருப்பிடிப்பது வெகுவாகக் குறைந்துவிடும். புதுத் தண்ணீர் ஏற்றும் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது, கூடவே சுண்ணாம்பும். ஏற்கெனவே ஊற்றிய துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகிறது. எஃகு ரேடியேட்டர் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, அந்தத் துரு கருஞ்சேறாக அடியில் தங்கி, பம்பையும், தீயின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் பாய்லரின் வெப்பப் பரிமாற்றியையும் பிடித்துக்கொள்கிறது. ரேடியேட்டரிலிருந்து காற்றை வெளியேற்றும்போது வரும் தண்ணீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் உள்ளே சேறு சேர்ந்திருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. இதைத்தான் தள்ளிப்போடக் கூடாது.

ஆகவே பாய்லரின் அழுத்தமானி (கேஜ்) முள் ஏன் இறங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை காட்டுவது இயல்பு. சூடேறினால் அரை பார் அளவுக்குக் கூடலாம். ஆறியிருக்கும்போது 1.2, சூடானதும் 3 பாரை நோக்கி ஓட்டம், மறுநாள் காலையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்று முள் ஆடினால், ஒழுகும் குழாயைத் தேடித் தரையைப் பெயர்க்க வேண்டாம். எக்ஸ்பான்ஷன் வெசலில் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் கலன்) காற்று குறைந்துபோயிருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 3 லிட்டர் கூடும். அந்த 3 லிட்டருக்கு இடம் தருவது, வெசலுக்குள் ரப்பர் சவ்வுக்கு மறுபுறம் அடைத்து வைத்த காற்று. அது இல்லையென்றால் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து, கூடுதல் தண்ணீரை வெளிச்சுவர்க் குழாய் வழியே கொட்டிவிடும். ஆறியதும் அந்த அளவு குறைந்திருக்கும். மறுபடி ஏற்றுவார்கள், மறுபடி கொட்டும்.

வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் செப்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டி வைத்தால் காலையில் விடை கிடைத்துவிடும். வெசலின் காற்றை அளக்க டயர் கேஜ் போதும்; வால்வும் டயர் வால்வு போன்றதுதான். ஆனால் பலர் தவறுவது இங்கேதான். அமைப்பில் தண்ணீர் அழுத்தம் இருக்கும்போதே கேஜை வைத்தால், அது தண்ணீரின் அழுத்தத்தையே காட்டும். காற்று சரியாக இருக்கிறது என்று ஏமாந்துபோவோம். பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, அதற்குப் போகும் வரும் குழாய்களின் வால்வுகளை மூடி, வடிகால் வழியே அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிய பிறகே அளக்க வேண்டும். வடிகாலைத் திறந்தே வைத்துக்கொண்டு, வெசலின் மேல் அச்சிட்ட அளவுக்குக் காற்றடிக்க வேண்டும்; வீட்டு பாய்லர்களில் அது பெரும்பாலும் 0.75 முதல் 1 பார். அந்தக் காற்று வால்வின் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. வெசலை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பலமுறை திறந்த பாதுகாப்பு வால்வின் இருக்கையில் தூசி சிக்கி, அது பிறகு சும்மாவே சொட்டும். அதையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

சூட்டில் முள் அதிகம் ஏறாமல், அழுத்தம் மட்டும் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் அது கசிவு. இரவில் பாய்லரை அணைத்து, ஆறிய பிறகு, பாய்லருக்குப் போகும் வரும் குழாய்களின் அதே இரு வால்வுகளையும் மூடி வையுங்கள். காலையில் பாய்லரின் கேஜ் இறங்கியிருந்தால் கசிவு பாய்லருக்குள். அது அசையாமல் நின்று, வால்வைத் திறந்ததும் சட்டென்று விழுந்தால் குழாய்களிலோ ரேடியேட்டர்களிலோ. கண்டன்சிங் பாய்லரில் (புகையின் சூட்டையும் பிடித்து, அதில் குளிர்ந்து சேரும் நீரைக் கழிவுக் குழாயில் விடும் வகை) வெப்பப் பரிமாற்றி விரிசல் விட்டால் தண்ணீர் கழிவுக் குழாய் வழியே போய்விடும். தரையில் ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது. நேர்மாறாக, ஒன்றும் செய்யாமலே முள் ஏறினால் ஃபில்லிங் லூப்பின் வால்வு முழுதாக மூடவில்லை. லூப்பைக் கழற்றிவிட்டும் ஏறினால், காம்பி பாய்லரில் (அறைச் சூடு, குழாய் வெந்நீர் இரண்டையும் தரும் பாய்லர்) குழாய்த் தண்ணீரையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பிரிக்கும் தகட்டுப் பரிமாற்றியில் ஓட்டை இருக்கலாம்.

ரேடியேட்டர்களின் குறைகளைக் கை வைத்தே சொல்லிவிடலாம். மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் காற்று. நடு அடியில் குளிர்ந்திருந்தால் சேறு. ஒன்று மட்டும் முழுக்கக் குளிர்ந்திருந்தால் அதன் வால்வின் மேலுள்ள தெர்மோஸ்டாட் தலையை (சூட்டைக் கட்டுப்படுத்தும் திருகு) கழற்றி, உள்ளிருக்கும் ஊசியை அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் இறங்கி, விட்டால் தானே எழ வேண்டும். சிக்கியிருந்தால் மெல்லத் தட்டி இளக்கலாம். குறடால் பிடித்து இழுக்கவே கூடாது: ஊசி கையோடு வந்துவிட்டால் அறை நனையும். வாராவாரம் காற்றை வெளியேற்ற வேண்டிய ரேடியேட்டரில் சேர்வது பல நேரம் காற்றே அல்ல, இரும்பு அரிக்கப்படும்போது பிறக்கும் ஹைட்ரஜன். அங்கே தீக்குச்சி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

காம்பி பாய்லரில் அறை சூடாகிறது, குழாயில் வெந்நீர் வரவில்லை என்றால் சூட்டை ரேடியேட்டருக்கோ குழாய் வெந்நீருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வைப் பணியாளரிடம் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் வெந்நீரைத் திறந்தால் ரேடியேட்டரும் சூடானால் அதே வால்வு பாதியில் நிற்கிறது. வெந்நீர் சூடும் குளிருமாக மாறி மாறி வந்தால் தகட்டுப் பரிமாற்றியில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு தண்ணீர் ஏற்றுங்கள், தாராளமாக. 100 லிட்டருக்கு 1 லிட்டர் துருத்தடுப்பு மருந்து என்பது வழக்கமான அளவு; புட்டியின் மேல் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றும் இருந்தால் சேற்றில் பெரும்பகுதி உள்ளே போகாது. வேலை முடிந்ததும் லூப்பின் இரு முனை வால்வுகளையும் மூடிவிட வேண்டும்.

கேஸ் பாய்லரின் மூடிக்குள் இருக்கும் எதையும் வீட்டுக்காரர் தொடக் கூடாது. வெசல் உள்ளே இருந்தால் அதுவும் உரிமம் பெற்ற பணியாளரின் வேலையே. பல பாய்லர்களில் அந்த மூடிதான் எரிவாயுப் புகை அறைக்குள் வராமல் அடைக்கிறது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளானாலோ, பாய்லரைச் சுற்றிக் கரி படிந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தாலோ, பாய்லரை அணைத்து, சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெப்ப அமைப்புப் பராமரிப்புத் துறையிலிருந்து ஒரு வாசகர்