மய்யித்துக்கு (இறந்த உடலுக்கு) முன்பே வாருங்கள்: ஜமாஅத்தினருக்கும் உலமாக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய ஜமாஅத் நிர்வாகிகளே, ஹழ்ரத்மார்களே, அரபுக் கல்லூரிகளையும் பெண்களுக்கான நிஸ்வான் மதரஸாக்களையும் நடத்திவரும் பெரியோர்களே,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

தமிழ்நாட்டின் எந்த மஹல்லாவிலும் (பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பிலும்) ஒருவர் மவுத்தாகிவிட்டால், சற்று நேரத்துக்குள் ஜமாஅத் அந்த வீட்டு வாசலில் நிற்கிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது, குளிப்பாட்டுகிறவர்கள் வருகிறார்கள், கபன் துணியும், உடலைச் சுமந்து செல்லும் சந்தூக்கும் வந்து சேர்கின்றன, கபர் தோண்ட ஆள் போகிறது. பணமில்லாத வீடானால், செலவை ஏற்றவர் யார் என்பதுகூட வெளியே தெரியாமல் எல்லாம் நடந்து முடிகிறது. இதை நினைத்து நான் பெருமைப்படாத நாளில்லை. ஆனால் அதே மனிதர் அதற்கு முன் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது, அவருடைய தொழுகையைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் கேட்க ஜமாஅத்தின் சார்பில் ஒருவரும் வந்திருக்கமாட்டார். பல ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் செவிலியராகப் பணிசெய்தவள் என்ற முறையில், இந்த இடைவெளியைப் பற்றி மட்டுமே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜனாஸாவை, அதாவது இறுதி ஊர்வலத்தை, பின்தொடர்வதும் அதே ஹதீஸில் (நபிமொழியில்) தான் வருகிறது. அந்தப் பாதியை நாம் விடாமல் பிடித்துக்கொண்டோம். இமாம் புகாரி அவர்கள் தம் தொகுப்பில் நோயாளிகளுக்கென்றே தனிப் பாகம் ஒன்றை அமைத்து, அதில் நலம் விசாரிப்பது கட்டாயம் என்று ஒரு பாடத்துக்குத் தலைப்பிட்டார்கள். மருத்துவத்தைப் பற்றிய பாகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மறுமையில் அல்லாஹ், "ஆதமின் மகனே, நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை நலம் விசாரிக்க வரவில்லையே" என்று கேட்பான் என்ற ஹதீஸ் குத்சியை (நபியவர்கள் அல்லாஹ்வின் கூற்றாக அறிவித்த செய்தியை) ஜும்ஆ மேடைகளில் நீங்களே கண்கலங்க ஓதியிருக்கிறீர்கள். பசித்தவனுக்கு உணவளித்திருந்தால் அதன் கூலியை என்னிடம் கண்டிருப்பாய் என்று சொல்லும் அதே ஹதீஸ், நோயாளியிடம் போயிருந்தால் என்னையே அவனிடம் கண்டிருப்பாய் என்கிறது.

அகழ்ப்போரில் கைநரம்பில் அம்பு தைத்துக் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காகவே நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் கூடாரம் அடிக்கச் சொன்னார்கள். ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி காயம்பட்டோருக்கு அங்கே சிகிச்சை செய்துவந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தொழுகை நடக்கும் இடத்துக்குள்ளேயே நோயாளிக்கு இடமிருந்த சமுதாயம் நம்முடையது. பின்னாளில் 1284 இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய பெரும் மருத்துவமனை, ஏழை பணக்காரர், ஆண் பெண் என்ற பேதமின்றி வக்ஃப் எனும் அறக்கொடைச் சொத்தின் வருமானத்தில் நடந்தது. நம் ஊர்களிலும் வக்ஃப் நிலங்களும் கடைகளும் இருக்கின்றன. அவற்றின் வருமானத்தில் நோயாளிக்கென்று ஒரு பங்கு உண்டா என்று வக்ஃபை நிர்வகிக்கும் ஒவ்வொரு முத்தவல்லியும் தம் கணக்கேட்டைப் பார்க்க வேண்டுகிறேன்.

போகாதது ஒரு குறை. போகிறவர்கள் தெரியாமல் பேசுவது அதைவிடப் பெரிய குறை. கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "என்ன பாவம் செய்தாரோ" என்று நோயாளியின் காதுபட முணுமுணுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "இந்த மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டு ஓதிப் பாருங்கள்" என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளிடம், செய்துகொள்ளுங்கள் என்று தெளிவாகச் சொன்ன நபியின் உம்மத்தினர் நாம். ஓதுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. வலிக்கும் இடத்தில் கைவைத்து மூன்று முறை பிஸ்மில்லாஹ்வும், ஏழு முறை பாதுகாவல் தேடும் துஆவும் ஓதச் சொன்ன சுன்னத்தை நோயாளிகளோடு சேர்ந்து நானே ஓதியிருக்கிறேன். அது மருந்தை விரட்ட வந்ததல்ல. ஆறுதலைத் திணிப்பதும் சுன்னத்தல்ல. காய்ச்சலில் கிடந்த ஒரு கிராமத்து முதியவரிடம், "கவலை வேண்டாம், இது தூய்மைப்படுத்தும், இன்ஷா அல்லாஹ்" என்று நபியவர்கள் சொன்னார்கள். அந்த முதியவரோ, இது கிழவனைக் கொதிக்கவைத்துக் கபருக்கு அனுப்பும் காய்ச்சல் என்று மறுத்துப் பேசினார். "அப்படியானால் அப்படியே ஆகட்டும்" என்பதோடு நபியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நலம் விசாரிக்கப் போகும் ஒவ்வொருவரும் இந்த ஹதீஸைப் படித்துவிட்டுப் போகலாம்.

தொழுகையைப் பற்றிய குழப்பம்தான் வார்டுகளில் நான் அதிகம் கண்ட துயரம். சிறுநீர்க் குழாயும் பையும் மாட்டப்பட்டிருந்த ஒரு வயதான அம்மா, ஒவ்வொரு அஸர் பாங்குக்கும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுவார். "நஜீஸைக் கூடவே வச்சுக்கிட்டு எப்படிம்மா தொழுவேன்?" என்பார், சிறுநீர் அசுத்தம் என்பதால். அவருடைய மருமகள் தனக்குத் தெரிந்த ஓர் இமாமிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, குணமான பிறகு களாச் செய்துகொள்ளட்டும், அதாவது விட்ட தொழுகைகளைப் பிறகு நிறைவேற்றட்டும் என்று பதில் வந்தது. அந்த அம்மாவுக்குக் குணமாகாது என்பது எங்களுக்குத் தெரியும், மருமகளுக்கும் தெரியும். கேட்டவர் நோயின் நிலையைச் சொல்லவில்லை, பதில் சொன்னவரும் விசாரிக்கவில்லை. தொடர்ந்து சிறுநீர் கசிபவர் நேரம் வந்த பின் உளூச் செய்து (தொழுகைக்கான தூய்மை செய்து), இருக்கும் நிலையிலேயே தொழலாம் என்பது மத்ஹபுகளின் (சட்டப் பள்ளிகளின்) நூல்களில் உள்ள சட்டம். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுங்கள், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுங்கள் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் இவ்வளவு இலகுவாக இருந்தும், தொழாமல் போகிறோமே என்ற வேதனையோடுதான் அந்த அம்மா கடைசி நாட்களைக் கழித்தார்.

தலையில் காயம்பட்ட ஒருவருக்குத் தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் தூய்மை) செய்ய அனுமதி இல்லை என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்துபோன செய்தி அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. "அவரைக் கொன்றுவிட்டார்கள், தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா? அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே" என்று நபியவர்கள் கடிந்துகொண்ட சொற்களின் கடுமையைக் கவனியுங்கள். இன்று கேள்விகள் இன்னும் சிக்கலாகிவிட்டன. டயாலிசிஸ் இயந்திரத்தில் நான்கு மணி நேரம் கட்டுண்டு கிடப்பவருக்கு ஒரு வேளைத் தொழுகை தவறும் நிலை வந்தால் என்ன செய்வது, வயிற்றில் பை பொருத்தப்பட்டவரின் உளூ எப்படி, இன்சுலின் போடும் முதியவர் நோன்பை விட்டு ஃபித்யா (ஈடாக ஏழைக்கு உணவு) கொடுப்பது எப்போது, செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வதா விடுவதா என்று மருத்துவர் குடும்பத்தைக் கேட்கும்போது மார்க்கம் என்ன சொல்கிறது என்பவையெல்லாம் அன்றாடம் எழும் கேள்விகள். நம் பகுதியில் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ, உட்பகுதி ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபு என்றிருப்பதால், பதில் சொல்பவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ஃபினைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். புற்றுநோய் முற்றிய நோயாளிகள் சிலர், போதைப்பொருள் ஹராம் என்றும், மயக்கத்தில் கலிமா நழுவிவிடும் என்றும் பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குகிறார்கள். வலியைப் போக்குவதற்காக மருத்துவர் அளந்து தரும் மார்ஃபின் கூடும் என்று இக்கால ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்கள் பலர் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். சரியான அளவில் கொடுத்தால் பெரும்பாலானோர் விழிப்போடுதான் இருக்கிறார்கள். வலி அடங்கிய பிறகுதான் அவர்களால் தஸ்பீஹ் ஓதவும் பிள்ளைகளிடம் பேசவும் முடிகிறது. செவிலியர் நாங்கள் இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. ஒரு ஹழ்ரத் வந்து ஒருமுறை சொன்னால் போதும், மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள். உங்கள் சொல்லுக்கு இருக்கும் அந்த மதிப்பை நோயாளிக்காகச் செலவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஸகராத் (உயிர் பிரியும்) நேரத்தில் நடப்பதும் சரிசெய்யப்பட வேண்டியதே. மரணப் படுக்கையில் இருப்பவருக்குக் கலிமாவை எடுத்துச் சொல்வது சுன்னத். ஆனால் ஐந்தாறு பேர் கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று உரத்து வற்புறுத்துவதை என்னவென்பது? மரணத் தறுவாயில் ஹதீஸ் அறிஞர் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் கலிமாவைத் திரும்பத் திரும்பச் சொல்ல, நான் ஒருமுறை சொல்லிவிட்டால் வேறு பேச்சுப் பேசாத வரையில் அதிலேயே இருக்கிறேன் என்று அவர்கள் சொன்னதை இமாம் திர்மிதி பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் தேவைப்படுவது தாழ்ந்த குரலும், வறண்ட உதட்டில் ஈரப் பஞ்சும், அல்லாஹ்வைப் பற்றிய நல்லெண்ணத்தை ஊட்டும் வார்த்தைகளும்தான். இவற்றைப் பழகிய ஒருவர் அருகில் இருந்தால், வீட்டார் மற்றதைத் தாமே செய்துகொள்வார்கள்.

பெண்கள் வார்டுக்குள் ஆலிம்கள் (ஆண் மார்க்க அறிஞர்கள்) வர இயலாது. அதனால் அங்கே யாருமே வருவதில்லை. எங்கள் தலைமுறையில் இதற்கு விடை இல்லாமல் இருந்திருக்கலாம். இன்று ஊருக்கு ஊர் நிஸ்வான் மதரஸாக்கள் ஆலிமாக்களை, அதாவது பெண் மார்க்க அறிஞர்களை, உருவாக்கி அனுப்புகின்றன. பட்டம் வாங்கிய அந்தப் பிள்ளைகளில் பலர், ஓதியதைப் பயன்படுத்த இடமின்றி வீட்டோடு இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் படுத்திருக்கும் ஒரு பெண், மாதவிடாய், உளூ, கணவனின் மனமாற்றம் என்று தன் மனத்திலுள்ளதைச் சொல்ல ஓர் ஆலிமாவைவிடப் பொருத்தமானவர் யார்?

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி இருக்கும் அதே நகரில்தான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நோயாளிகளுக்கு ஆன்மிக ஆறுதல் தருவதை ஒரு பயிற்சியாகக் கற்று, வார்டு வார்டாகச் செல்லும் போதகர்கள் அங்கே பணிபுரிகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் அங்கே சிகிச்சைக்கு வருவோரில் முஸ்லிம்கள் ஏராளம். மொழி தெரியாத ஊரில், விடுதி அறையில் கிடக்கும் அவர்களுக்கு ஒரு ஸலாமே பெரிய ஆறுதல். இங்கிலாந்தின் மார்க்ஃபீல்டிலும் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டிலும் முஸ்லிம்களே இதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பணி மலப்புறத்தில் தெருத்தெருவாகப் பரவியது, படுக்கையில் கிடப்பவரைத் தேடி அக்கம்பக்கத்தார் வீட்டுக்கே போகப் பழகியதால்தான். 2008 இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது.

எனவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் நெடுநாள் நோயில் கிடப்பவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். வாரம் ஒருமுறையாவது ஓர் ஆலிமும் ஓர் ஆலிமாவும் அந்த வீடுகளுக்குப் போகட்டும். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் கண்ணியமான ஊதியமும் பைத்துல்மாலிலிருந்தோ (ஜமாஅத்தின் பொதுநிதியிலிருந்தோ) வக்ஃப் வருமானத்திலிருந்தோ கொடுங்கள். ஜமாஅத்துல் உலமா சபை, இரு மத்ஹபுகளின் சட்டங்களையும் மருத்துவர்களோடு உட்கார்ந்து சரிபார்த்து, நோயாளியின் தொழுகை, நோன்பு, வலிமருந்து, உயிர்காப்புக் கருவிகள் பற்றி எளிய தமிழில் ஒரு கைப்பிரதி வெளியிட வேண்டும். அரபுக் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவர்களைச் சில வாரங்களாவது மருத்துவமனைக்கு அனுப்பி, நோயாளி பேசும்போது குறுக்கிடாமல் கேட்கப் பழக்க வேண்டும். கிதாபில் படித்த மஸ்அலாவை (மார்க்கச் சட்டத்தை) கட்டிலருகே சொல்வதற்குத் தனிப் பக்குவம் வேண்டும்.

கைகழுவும் முறை, தொற்றுள்ள வார்டில் நடந்துகொள்ளும் முறை, தீவிர சிகிச்சைப் பிரிவில் எதைத் தொடக்கூடாது என்பவற்றையெல்லாம் உங்கள் மாணவர்களுக்குக் கற்றுத்தர என்னைப் போன்ற ஓய்வுபெற்ற செவிலியர்கள் பல ஊர்களில் இருக்கிறோம், ஊதியம் எதிர்பார்க்கவில்லை. உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்த்து, எந்த மாதத்திலிருந்து தொடங்கலாம் என்று முடிவுசெய்து அறிவியுங்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி, ஓய்வுபெற்ற செவிலியர்