23 தடவை "புரியுதா?"

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. திருப்பிக் கூப்பிட்டால், நான் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை இடையில் வெட்ட முடியாது, இல்லையா?

இரண்டு வாரம் எஃப்.டி.பி. என்ற ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, ஆசை ஆசையாக வகுப்பை மாற்றினாய். பிள்ளைகளைப் பேசவிட்டாய், கேள்வி கொடுத்து யோசிக்கவிட்டாய். செமஸ்டர் முடிவில் பிள்ளைகள் உனக்குக் கொடுத்த ஃபீட்பேக்கில் மார்க் இறங்கிவிட்டது. "மேடம் நடத்தவே மாட்டேங்கறாங்க, எங்களையே பேசச் சொல்றாங்க" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். துறைத்தலைவரும் கூப்பிட்டு, பழையபடியே நடத்தச் சொல்லிவிட்டார். கடைசியில் நீ "எனக்கு டீச்சிங் வராதும்மா" என்றாய் பார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

யாருக்கு வந்தது, பாப்பா? ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். வேண்டும். கல்லூரியில் நிற்பதற்கு நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றோ பி.எச்டி.யோ போதும். வினையூக்கிகளைப் பற்றி நீ ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்தாய். முதல் வருஷப் பிள்ளைகள் அறுபது பேர் முன்னால் எப்படி நிற்பது என்று அந்த ஐந்து வருஷத்தில் யாராவது அரை நாள் சொல்லிக் கொடுத்தார்களா? நான் 1988இல் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் இருந்ததெல்லாம் என் பேராசிரியர் எனக்கு டிக்டேட் செய்த நோட்ஸ்தான். அதையே நானும் எட்டு வருஷம் டிக்டேட் செய்தேன். பிள்ளைகள் எழுதினார்கள், ஒப்பித்தார்கள், பாஸானார்கள். நான் நல்ல டீச்சர் என்றுதான் பெயர்.

1996இல் ஓரியன்டேஷன் கோர்ஸுக்காக நான் மதுரை போனது உனக்கு நினைவிருக்காது. உனக்கு மூன்று வயது. நான்கு வாரம் ஆச்சியிடம் உன்னை விட்டுவிட்டுப் போனேன். சீனியர் ஸ்கேல் என்ற பதவி உயர்வுக்கு அந்தச் சர்டிபிகேட் வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நாடு முழுக்கத் தொடங்கிய அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களில் ஒன்றில்தான் அந்தக் கோர்ஸ். பிறகு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறி, 2023 முதல் மாளவியா மிஷன் என்று ஆகியிருக்கிறது. போர்டு மாறினாலும், பதவி உயர்வுக்காக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஒருவர் பேசினார். தலைப்பு: "விரிவுரை முறையின் குறைபாடுகள்". பாதிப் பேர் தூங்கிவிட்டோம். அவர் சொல்ல வந்ததை நாங்களே நிரூபித்துக் காட்டியது போல ஆயிற்று.

ஆனால் அங்கே ஒன்று கற்றேன். கடைசி வாரத்தில் ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் பாடம் எடுக்க வேண்டும், மற்றவர்கள் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் பட்ட கூச்சத்தை நான் மறக்கவேயில்லை. திரும்பி வந்ததும் எங்கள் தமிழ்த்துறையில் இருந்த தோழியிடம், என் வகுப்பில் ஒரு மணி நேரம் வந்து உட்காரச் சொன்னேன். அவளுக்கு என் பாடமான இயற்பியல் தெரியாது, அது நல்லதாகப் போயிற்று. பாடத்தைக் கவனிக்காமல் என்னைக் கவனித்தாள். வெளியே வந்து ஒரு சீட்டு நீட்டினாள்: "23 தடவை 'புரியுதா' என்று கேட்டாய். ஒரு தடவைகூடப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை."

எனக்குச் சுருக்கென்றது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கப் பெண்மணி பள்ளி அறிவியல் வகுப்புகளில் இதையே அளந்து பார்த்திருக்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்களாம். அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளமானதாம், வாய் திறக்காதவர்களும் பேசினார்களாம். மூன்று விநாடி! வகுப்பில் நின்று பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அப்புறம் ஒரு நாள், நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தி முடித்து, எல்லாரும் டெஸ்டில் நன்றாக எழுதிய பிறகு, ஒரு லாரியும் ஒரு காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மேல் அதிக விசை கொடுக்கும் என்று கேட்டேன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சமமான விசைதான் கொடுக்கும், அந்த விதி சொல்வதே அதுதான். ஆனால் முக்கால்வாசிக் கை லாரிக்குத் தூக்கியது. விதியை வரி பிசகாமல் எழுதிய அதே கைகள். எட்டு வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியருக்கும் இதேதான் நடந்தது. மாணவர்களிடம் நல்ல பெயர் எடுத்தவர். 1990களின் தொடக்கத்தில் இப்படிச் சாதாரணக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி பதில் எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு அவர் வகுப்பை மாற்றினார். ஒரு கேள்வி, ஆளுக்கொரு பதில், பக்கத்தில் இருப்பவனோடு வாதம், மறுபடி பதில். அவ்வளவுதான் முறை.

சரி, உன் ஃபீட்பேக்குக்கு வருகிறேன். அதே ஹார்வர்டில் 2019இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரே பாடம். ஒரு பகுதி மாணவர்களுக்கு வழவழப்பான விரிவுரை, இன்னொரு பகுதிக்குத் தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டும் வகுப்பு. மல்லுக்கட்டியவர்கள் டெஸ்டில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் எவ்வளவு கற்றோம் என்று அவர்களையே கேட்டால், குறைவாகக் கற்றோம் என்றார்கள். புரிகிறதா? (பார், 24ஆவது தடவை கேட்கிறேன்.) தெளிவாகப் பேசும் ஆளின் முன் உட்கார்ந்திருந்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தானே யோசித்தால் தலை வலிக்கும். அந்தத் தலைவலிக்குத்தான் உன் பிள்ளைகள் மார்க் குறைத்திருக்கிறார்கள்.

உன் தவறு எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏன் இப்படி நடத்துகிறேன் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆய்விலேயே, தொடக்கத்தில் இதை விளக்கிச் சொன்னபோது மாணவர்களின் மனப்பாங்கு மாறியது. அப்புறம், மொத்த வகுப்பையும் ஒரேயடியாக மாற்றியது அவசரம். உன் குணம் அப்படி. பத்து நிமிஷம் போதும், மீதி நேரம் உனக்குப் பிடித்தபடி நடத்து. இன்னொன்று, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள், பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவர்கள், பக்கத்தில் இருப்பவனிடம்கூட ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று நீ எதிர்பார்த்தால் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். தமிழில் சண்டை போடட்டும், முடிவை ஆங்கிலத்தில் எழுதட்டும்.

துறைத்தலைவரிடம் ஹார்வர்ட் கதையெல்லாம் சொல்லாதே, எரிச்சல்படுவார். முறை மாற்றிய பாடத்தில் இன்டர்னல் மார்க் எப்படி இருந்தது, மாற்றாத பாடத்தில் எப்படி இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வை. அவர் கேட்டால் காட்டு. 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அறிவியல் பாடங்களில் விரிவுரை மட்டும் கேட்டவர்கள் தோற்கும் வாய்ப்பு, தாங்களே யோசித்துப் படித்தவர்களைப் போல ஒன்றரை மடங்கு என்று கண்டார்கள். ஆனாலும் அவருக்கு உன் வகுப்பு மார்க்தான் பேசும்.

வகுப்பு முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது துண்டுச் சீட்டு கொடு. இன்று எது குழப்பமாக இருந்தது என்று ஒரே வரி, பெயர் வேண்டாம். நான் ரிட்டயர் ஆகும்வரை செய்தேன். பஸ்ஸில் வரும்போது வாசிப்பேன், மறுநாள் அதிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு தடவை ஒருத்தி, "மேடம் சேலை நல்லா இருந்துச்சு, அதனால கவனிக்கல" என்று எழுதியிருந்தாள். அதையும் வைத்திருக்கிறேன்.

உன் பாடத்துக்கு ஒரு கேள்வி தருகிறேன், காலையில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தபோது தோன்றியது. கொதிக்கும் தண்ணீரில் மேலே வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? காற்றா, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா, நீராவியா? திங்கட்கிழமை முதல் பீரியடில் கேள். கேட்டுவிட்டு மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டு நில். எத்தனை பேர் ஹைட்ரஜன் என்றார்கள் என்று ராத்திரி போன் செய். மாப்பிள்ளையிடமும் கேட்டுப் பார், நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

அம்மா